சுற்றுச்சூழல், இயற்கை, உடல்நலம் பத்தி ஒரு நாட்டோட நம்பகமான தகவலை எங்க தேடுறது?

தாழம்பூ கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், முதல் தடவையா இப்பதான் கேள்வி போடுறேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

வீசிங் இருக்கற பிள்ளைங்களோட அம்மா அப்பாங்க சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம். ஆரம்பிச்சப்ப பத்து பேர், இப்ப அறுபதுக்கு மேல ஆயாச்சு, அதுவும் அஞ்சாறு நாட்டுல சிதறி இருக்கோம். டெய்லி யாராவது ஒரு ஃபார்வர்ட் போட்டுடுவாங்க. போன வாரம் வந்தது காத்து மாசுல இத்தனை லட்சம் பேர் செத்துட்டாங்கன்னு ஒண்ணு, அடியில "தேசிய ஆய்வு"ன்னு மட்டும் போட்டிருந்துச்சு. எந்த தேசம், எந்த ஆய்வு, எந்த வருஷம்னு ஒரு வரி இல்ல. அதை பாத்து பயந்து போய் ஒரு அம்மா பிள்ளைய விளையாடவே வெளிய விடறது இல்ல. எனக்கு மனசே ஆறல.

அதனால ஒரு ஷீட் போடலாம்னு உக்காந்தேன். நாட்டுக்கு ஒரு வரிசை, அதுல காத்து, தண்ணி, காடு உயிரினம், ரசாயனம், உடல்நலம்னு அஞ்சு கட்டம், ஒவ்வொண்ணுலயும் அந்த நாட்டோட அதிகாரப்பூர்வமான தகவல் எங்க கிடைக்கும்னு லிங்க். கேக்க சுலபமா இருக்குல்ல? மூணு நாளா தேடுறேன், ஒரு வரிசை கூட நிரம்பல. சர்ச் பண்ணா முதல் ரெண்டு பக்கமும் ஏர் ப்யூரிஃபையர் விக்கறவங்கதான் வர்றாங்க, அதுக்கு கீழ பேப்பர் செய்தி. ஒரு நாட்டோட அமைச்சகத்து வெப்சைட்டை கண்டுபிடிச்சு போனா பாதி லிங்க் செத்துப்போச்சு. இன்னொரு நாட்டுல ரெண்டு துறை ஒரே விஷயத்துக்கு ரெண்டு நம்பர் போட்டிருக்காங்க, எதை எடுக்கறதுன்னு தெரியல.

எந்த நாடா இருந்தாலும் பொருந்துற மாதிரி ஒரு வழிமுறை இருக்கா? எங்கருந்து ஆரம்பிக்கணும், எதை நம்பலாம்? நான் இந்த துறை இல்ல, அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்கறேன், அதனால கொஞ்சம் புரியற மாதிரி சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.


பழைய_ஏடு எழுதியது:

வாங்க தாழம்பூ. நூலகத்துல அரசு ஆவணப் பிரிவுலயே இருபது வருஷத்துக்கு மேல இருந்துட்டேன், இதே கேள்வியோட வர்றவங்களை நிறைய பாத்திருக்கேன், அவங்களுக்கு சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

தலைப்பை வச்சு தேடாதீங்க. "காத்து மாசு ரிப்போர்ட்"னு தேடினா விக்கறவன்தான் முன்னாடி வருவான். இந்தக் கணக்கை யாருக்கு ஒப்படைக்க வேண்டிய கடமை இந்த நாட்டுக்கு இருக்குன்னு யோசிச்சு அங்கருந்து பின்னாடி வாங்க. நீங்க கணக்குப் பிரிவுன்னு சொன்னீங்க இல்ல, ஒரு கம்பெனியோட வரவு செலவு வேணும்னா அவங்க விளம்பரத்தை பாப்பீங்களா, தாக்கல் பண்ண ரிட்டர்னை பாப்பீங்களா, அதே மாதிரிதான். உலக ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட நாடு குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை அறிக்கை தந்தாகணும், அந்த ஒப்பந்தத்தோட செயலகம் அதை நாடு வாரியா பிரிச்சு அவங்க வெப்சைட்ல போட்டு வைக்கும். உள்ளூர் அமைச்சகம் வெப்சைட்டை மாத்தும், துறை பேரை மாத்தும், பழசெல்லாம் காணாமப் போகும், ஆனா செயலகத்துல இருக்கற காப்பி அப்படியே இருக்கும்.

பல்லுயிர் உடன்படிக்கையை எடுத்துக்கோங்க, 1992ல ரியோ மாநாட்டுல கையெழுத்துக்கு வச்சது, செயலகம் மான்ட்ரியல்ல இருக்கு, கிட்டத்தட்ட உலகம் பூரா அதுல உறுப்பினர். அந்த வெப்சைட்ல நாட்டோட பேரை தட்டினீங்கன்னா அந்த நாட்டோட பல்லுயிர் செயல்திட்டமும் தேசிய அறிக்கைகளும் வரிசையா வரும். ரசாயனத்துக்கு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, 2001ல ஏத்துக்கிட்டு 2004ல அமலுக்கு வந்தது, டிடிடி மாதிரி சீக்கிரத்துல மட்காத நச்சுகளுக்கானது. அதுல ஒவ்வொரு நாடும் தேசிய செயலாக்கத் திட்டம்னு ஒண்ணு கொடுக்கணும், பழைய பூச்சிமருந்து எவ்வளவு தேங்கிக் கிடக்கு, பிசிபிங்கற நச்சு எண்ணெய் ஊத்தின டிரான்ஸ்ஃபார்மர் எத்தனைன்னு எல்லாம் பொதுவா அதுலதான் இருக்கும். அந்த விவரம் வேற இடத்துல கிடைக்கறது கஷ்டம். பாதரசத்துக்கு மினமாட்டா உடன்படிக்கை, 2013ல ஏத்துக்கிட்டது, 2017ல அமல். காடுன்னா ஐநாவோட உணவு வேளாண் அமைப்பு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கற உலக காட்டு வள மதிப்பீடு, அதுல நாடு வாரியா தனி அறிக்கை உண்டு. கரியமில வாயு மாதிரி பூமிய சூடாக்கற வாயு கணக்குக்கு ஐநா காலநிலை ஒப்பந்தத்துக்கு கொடுக்கற அறிக்கை.

இப்ப முக்கியமான விஷயம். அந்த பிடிஎஃப் 150 பக்கம் இருக்கும், முன்னுரையில அமைச்சர் படமும் வாழ்த்தும் இருக்கும், அதை விட்டுருங்க. நேரா கடைசிக்கு போங்க. பின்னிணைப்பு, நன்றி சொன்ன பட்டியல், மேற்கோள் பட்டியல், அட்டவணைக்கு அடியில பொடி எழுத்துல இருக்கற "தரவு: இன்ன நிறுவனம், இன்ன வருஷம்"ங்கற வரி. அந்த நாட்டுல நிஜமா அளக்கறவங்க, எண்றவங்க யாருன்னு அங்கதான் தெரியும். மீன்வள ஆராய்ச்சி நிலையம், காய வச்ச செடிகளை சேத்து வைக்கற தேசிய தாவர உலர்சேகரம், நிலத்தடி நீர் துறை, புள்ளியியல் அலுவலகம்னு பத்து பதினஞ்சு பேர் வரும். அந்தப் பேரை ஒரு பேப்பர்ல எழுதி வச்சு ஒவ்வொண்ணா தேடுங்க, உங்க ஷீட் தானா நிரம்பும். எங்க நூலகத்துக்கு வந்த ஒரு பொண்ணு ஒரு மாசம் அலைஞ்சு கிடைக்காத தரவை ஒரு அறிக்கையோட 143ஆம் பக்கத்து அடிக்குறிப்புல கண்டுபிடிச்சா, கண்ணுல தண்ணியே வந்துருச்சு அவளுக்கு.

இன்னும் ரெண்டு மூணு விஷயம் சொல்லிடறேன். சர்ச்ல அந்த நாட்டு அரசு டொமைனுக்குள்ள மட்டும் தேடறதுக்கு site: னு ஆங்கிலத்துல போட்டு ஒட்டினாப்புல டொமைனை கொடுங்க, filetype:pdf னும் சேருங்க, விக்கறவங்க பக்கமெல்லாம் பெரும்பாலும் ஓடிரும். அந்த நாட்டோட ஆட்சி மொழியிலயும் தேடுங்க, ஆங்கிலத்துல இருக்கறது பெரும்பாலும் சுருக்கம்தான், முழு அட்டவணை அவங்க மொழியிலதான் இருக்கும். செத்த லிங்க் கிடைச்சா தூக்கிப் போடாதீங்க, அந்த முகவரிய இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல போட்டு பாருங்க, 1996லேருந்து சேத்து வச்சிருக்காங்க, நான் தேடினதுல பாதிக்கு மேல அதுல கிடைச்சிருக்கு. அப்புறம் ஒவ்வொரு உடன்படிக்கைக்கும் ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு தொடர்பு அதிகாரி இருப்பாங்க, செயலகத்து வெப்சைட்லயே அலுவலக மெயிலோட பட்டியல் இருக்கும். மரியாதையா ரெண்டு வரி எழுதி கேட்டா பல பேர் அனுப்பி வைப்பாங்க.


துளித்துளி எழுதியது:

ஏடு ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. நான் தண்ணி பரிசோதனை லேப்ல இருக்கேன், அதனால தண்ணி கட்டத்துக்கு மட்டும் சொல்றேன், ஏன்னா லிங்க் கிடைச்ச பிறகு நம்பரை தப்பா படிச்சு ஏமாந்து போறவங்கதான் அதிகம்.

நைட்ரேட்னு ஒரு வரி இருக்கும். ஒரு ரிப்போர்ட்ல 10.2ன்னு போட்டிருக்கு, உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டி அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம், அப்ப அஞ்சுல ஒரு பங்குதான், பயமே இல்லன்னு நெனச்சுருவீங்க. ஆனா அந்த கட்டத்து தலைப்புல சின்னதா "நைட்ரஜனாக"ன்னு இருந்தா கதையே வேற. அப்ப அதை 4.43ஆல பெருக்கணும், 45 வந்துரும், எல்லையை தொட்டுட்டு நிக்குது. புட்டிப்பால் குடிக்கற கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்ல, நைட்ரேட் அதிகமான தண்ணியில பால் கலந்தா ரத்தம் ஆக்ஸிஜனை சுமக்கற சக்தி குறைஞ்சு குழந்தை நீலம் பூக்கும். சில நாடு நைட்ரஜனா எழுதும், சில நாடு நைட்ரேட்டா எழுதும். தலைப்பை படிக்காம நம்பரை மட்டும் காப்பி பண்ணாதீங்கக்கா.

அடுத்தது "கண்டறியப்படவில்லை"ங்கற வார்த்தை. அதை பாத்தவுடனே எல்லாரும் இல்லன்னு நெனச்சுக்கறாங்க. அந்த லேப் கருவியால எவ்வளவு வரைக்கும் பாக்க முடியும்ங்கறதுதான் கேள்வி. ஆர்செனிக்குக்கு வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். லேப் கருவி 50க்கு கீழ பாக்காதுன்னா, தண்ணியில 40 இருந்தாலும் "கண்டறியப்படவில்லை"ன்னுதான் வரும். அதனால கண்டறியும் எல்லை எவ்வளவுன்னு போடாத ரிப்போர்ட்டை நான் ஷீட்ல ஏத்த மாட்டேன்.

வழிகாட்டி அளவு வேற, நாட்டோட சட்ட அளவு வேற, இதையும் மனசுல வச்சுக்கோங்க. ஃப்ளூரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் 1.5 மில்லிகிராம்னு சொல்லுது, அமெரிக்காவோட சட்டம் 4.0 வரைக்கும் விடுது. அப்ப "எங்க தண்ணி தரத்துக்கு உட்பட்டது"ன்னு ஒரு துறை சொன்னா எந்த தரம்னு கேக்கணும். ரெண்டையும் ரெண்டு கட்டமா போட்டுருங்க.

ஒரு நாட்டுல எத்தனை வீட்டுக்கு பாதுகாப்பான தண்ணி போகுதுன்னு பாக்கறதுக்கு உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து 1990லேருந்து நடத்தற கூட்டுக் கண்காணிப்பு திட்டம் இருக்கு. அதுல நாட்டுக்கு ஒரு எக்செல் ஃபைல் டவுன்லோட் பண்ணலாம், அந்த நாட்டுல நடந்த குடும்ப சர்வே, மக்கள்தொகை கணக்கெடுப்புல எதையெல்லாம் எடுத்தாங்கன்னு வருஷத்தோட எழுதி இருக்கும். ஐயா சொன்ன பின்னாடிலேருந்து வர்ற வழி தண்ணிக்கும் உண்டு.


தாழம்பூ எழுதியது:

ஐயா, துளித்துளி, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரிட்டர்ன் உதாரணம் சொன்னதும் பளிச்சுன்னு புரிஞ்சுது. நேத்து நைட்டு பல்லுயிர் அறிக்கை ஒண்ணை எடுத்து கடைசி பக்கத்துலேருந்து படிச்சேன், 11 நிறுவனத்து பேர் கிடைச்சுது!

காத்துதான் எங்க குரூப்புக்கு ரொம்ப முக்கியம், அதுல ஒரு குழப்பம். ஒரே ஊருக்கு ஒரே நேரத்துல ஒரு ஆப் 98ன்னு காட்டுது, இன்னொரு ஆப் 153ன்னு காட்டுது. ஒண்ணுல பச்சை கலர், இன்னொண்ணுல சிவப்பு. பிள்ளைய வெளிய விடலாமா வேணாமான்னு பெத்தவங்க எதை பாத்து முடிவு பண்றது?


காத்தாடி எழுதியது:

இதுக்கு நான் பதில் சொல்றேன், காத்து கண்காணிப்பு ஸ்டேஷன் பராமரிப்புல வேலை பாத்தவன்.

ரெண்டு ஆப்பும் பொய் சொல்லல. அந்த நம்பர் அளவு இல்ல, அது குறியீடு. நிஜ அளவுங்கறது ஒரு கன மீட்டர் காத்துல எத்தனை மைக்ரோகிராம் தூசிங்கறது, அதை ஒவ்வொரு நாடும் தனித்தனி ஏணியில ஏத்தி குறியீடா மாத்துது, இந்தியா, அமெரிக்கா ஏணி ரெண்டும் 0லேருந்து 500 வரைக்கும். பிஎம் 2.5ங்கற ரொம்ப பொடியான தூசி ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராம் இருக்குன்னு வச்சுக்கோங்க. இந்திய ஏணியில அது 100, "திருப்தி"ங்கற பச்சை. அமெரிக்க ஏணியில அதே காத்து 150ஐ தாண்டி "ஆரோக்கியத்துக்கு கேடு"ங்கற சிவப்புக்கு போயிரும். காத்து அதேதான், ஏணிதான் வேற. அதனால உங்க ஷீட்ல குறியீட்டை போடவே போடாதீங்க, மைக்ரோகிராம் மட்டும் போடுங்க. உலக சுகாதார நிறுவனம் 2021ல புதுப்பிச்ச வழிகாட்டி பிஎம் 2.5க்கு வருஷ சராசரி 5, ஒரு நாள் சராசரி 15. அதுக்கு முந்தி 2005ல போட்டது 10, 25. பழைய கட்டுரை படிக்கும்போது எந்த வருஷத்து வழிகாட்டிய வச்சு பேசறாங்கன்னு பாருங்க, ரெண்டும் கலந்துதான் சுத்திட்டு இருக்கு.

அடுத்து, அந்த ஆப்ல காட்டற நம்பர் ஸ்டேஷன்ல அளந்ததா இல்ல கம்ப்யூட்டர் மாடல் கணிச்சதான்னு பாக்கணும். ஸ்டேஷனே இல்லாத ஊருக்கும் பல ஆப் நம்பர் காட்டும், அது சாட்டிலைட்டையும் வானிலையையும் வச்சு போட்ட மதிப்பீடு. தப்புன்னு சொல்லல, ஆனா உங்க தெருவுல குப்பை எரிச்சா அதுக்கு தெரியாது. ஓப்பன்ஏக்யூன்னு லாப நோக்கம் இல்லாத அமைப்பு ஒண்ணு இருக்கு, பல நாட்டு அரசு ஸ்டேஷன் ரீடிங்கை ஒரே இடத்துல யூனிட்டோட தருது, எந்த நாட்டுல யார் அளக்கறாங்கன்னு அதுலயே பேர் இருக்கும். உங்க காத்து கட்டத்தை அங்கருந்து ஆரம்பிங்க.

வீட்டுல மாட்டற சின்ன சென்சார் பத்தி ஒரு வார்த்தை. அது ஒளிய பாய்ச்சி தூசியில பட்டு சிதறறதை வச்சு கணக்கு போடுது. மழைக்காலத்துல, விடிகாலை பனியில தூசித்துகள் ஈரத்தை குடிச்சு உப்பிரும், சென்சார் அதிகமா காட்டும். நான் ஒரு தடவை அரசு ஸ்டேஷன் பக்கத்துலயே ஒரு சின்ன சென்சாரை கட்டி வச்சு பாத்தேன், வெயில் நேரத்துல ரெண்டும் ஒட்டிட்டே போச்சு, விடியக்காலம் மூடுபனி இறங்கினதும் சின்னது மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஏறி, ஒம்பது மணிக்கு பனி விலகினதும் தானா இறங்கிருச்சு. அதனால ஒரு நிமிஷ ரீடிங்கை பாத்து பயப்படாதீங்க, ஏறுதா இறங்குதான்னு போக்கை பாருங்க.

எங்கயாவது புகை எழும்புதான்னு பாக்க நாசாவோட ஃபிர்ம்ஸ் இருக்கு, சாட்டிலைட் பாத்த மூணு மணி நேரத்துக்குள்ள தீ இருக்கற இடத்தை உலக வரைபடத்துல புள்ளி வைக்குது. ஆனா அது சூட்டைத்தான் பாக்குது, ஃபேக்டரியில எரியற தீக்கொழுந்தும் புள்ளியா வரலாம்.

ஃபேக்டரின்னதும் ஞாபகம் வருது. எந்த ஆலை எந்த ரசாயனத்தை எவ்வளவு வெளிய விட்டுச்சுன்னு ஆலை பேரோட பொதுமக்களுக்கு காட்டற பதிவேடு பல நாட்டுல இருக்கு. 1984 போபால் விபத்துக்கு அப்புறம்தான் அமெரிக்கா 1986ல சட்டம் போட்டு இதை கொண்டு வந்துச்சு, ஐரோப்பாவுலயும் இருக்கு. மாசு வெளியேற்றப் பதிவேடுன்னு நாட்டோட பேரை சேத்து தேடுங்க. அதுல ஒண்ணு கவனம், அமெரிக்காவோடது மாதிரி பதிவேட்டுல நம்பரை கொடுக்கறது ஆலைக்காரங்களேதான், பல சமயம் கணக்கு போட்டு கொடுப்பாங்க, மீட்டர் வச்சு அளந்ததா இருக்காது.


கரிச்சான் எழுதியது:

காடு உயிரினம் கட்டத்துக்கு நான். பறவை பாக்கறது பொழுதுபோக்கா ஆரம்பிச்சு இப்ப கணக்கெடுப்புக்கெல்லாம் போறேன்.

அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களுக்கு ஐயூசிஎன்ங்கற உலக இயற்கை பாதுகாப்பு அமைப்பு போடற சிவப்புப் பட்டியல் பலருக்கும் தெரியும், 1964லேருந்து இருக்கு. ஆனா அது உலகம் முழுக்க சேத்து பாக்கறது. உலக அளவுல "கவலை இல்லை"ங்கற ஒரு பறவை உங்க நாட்டுல கடைசி சில ஜோடியா இருக்கலாம், அதுக்கு அந்த நாட்டோட தேசிய சிவப்புப் பட்டியலை தனியா தேடணும், பல நாடு வெளியிட்டிருக்கு. ஐயா சொன்ன பல்லுயிர் அறிக்கையிலயே அதோட பேர் இருக்கும். "தரவு போதாது"ன்னு ஒரு வகை இருக்கு பாத்தீங்களா, அதை பாதுகாப்பா இருக்குன்னு படிச்சுடாதீங்க, யாரும் சரியா போய் பாக்கலன்னு அர்த்தம்.

எந்த உயிரினம் எங்க பதிவாயிருக்குன்னு பாக்க ஜிபிஃப்ங்கற உலக பல்லுயிர் தரவுத்தளம் இருக்கு, 2001ல பல அரசுகள் சேர்ந்து தொடங்கினது, கோபன்ஹேகன்ல அலுவலகம். அருங்காட்சியகத்துல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒட்டி வச்ச செடியிலேருந்து நேத்து ஒருத்தர் போன்ல எடுத்த படம் வரைக்கும் அதுல சேருது. பொதுமக்கள் பாத்ததை பதியற ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் பதிவெல்லாம் அங்க போகுது. நாட்டுப் பக்கத்தை திறந்தா எந்த நிறுவனம் எத்தனை பதிவு கொடுத்திருக்குன்னு பட்டியல் வரும். வரைபடத்துல புள்ளி அடர்த்தியா இருக்கற இடம் பறவை அதிகமுள்ள இடம்னு நெனச்சுக்கக் கூடாது, அது ஆள் போற இடம். ரோடு ஓரமா, காலேஜ் பக்கமாத்தான் புள்ளி குவிஞ்சிருக்கும். நான் ரெண்டு வருஷம் போன ஒரு சதுப்புல எனக்கு முன்னாடி ஒரு பதிவு கூட இல்ல, இப்ப 87 இனம் இருக்கு. பறவை அங்கயேதான் இருந்துச்சு, நாங்கதான் போகல.

காட்டுப் பரப்புக்கு ரெண்டு நம்பர் வந்தா குழம்பாதீங்க தாழம்பூ. உணவு வேளாண் அமைப்புக்கு காடுன்னா அரை ஹெக்டேருக்கு மேல, 5 மீட்டருக்கு மேல வளரக்கூடிய மரம், பத்து சதவீதத்துக்கு மேல நிழல் மூடல். ரப்பர் தோட்டம் அதுல காடு. எண்ணெய்ப்பனை தோட்டம் காடு இல்ல. குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் சாட்டிலைட் படத்துல மர மூடலை பாக்குது, அதுல நட்டு வளத்து வெட்டற தோட்ட மரமும் "இழப்பு"ன்னு வரும். காடு அழியுதுன்னு ஒருத்தர், காடு வளருதுன்னு ஒருத்தர், ரெண்டு பேருமே நம்பர் காட்டுவாங்க. வரையறைய முதல்ல படிச்சாத்தான் யார் எதை சொல்றாங்கன்னே புரியும்.


செவ்வந்தி எழுதியது:

பொது சுகாதார நர்ஸா இருக்கேன். தாழம்பூ, அந்த அம்மாவை நெனச்சா எனக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

இத்தனை லட்சம் பேர் செத்துட்டாங்கங்கற நம்பர் எப்படி வருதுன்னு அவங்களுக்கு சொல்லுங்க. டெத் சர்டிஃபிகேட்ல காத்து மாசுன்னு காரணம் எழுதினதை கூட்டி எடுக்கறது இல்ல. நாட்டுல மாசு எவ்வளவு, இதய நோய், பக்கவாதம், நுரையீரல் நோய்ல எத்தனை பேர் இறந்தாங்க, மாசு கூடினா அந்த ஆபத்து எவ்வளவு கூடுதுன்னு மூணையும் சேத்து கணக்கு போட்டு மதிப்பிடறாங்க. மதிப்பீடுங்கறதால எப்பவும் குறைஞ்சது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவுன்னு ஒரு வீச்சு இருக்கும், ஃபார்வர்ட்ல நடு நம்பரை மட்டும் வெட்டிப் போட்டுருவாங்க. மாசு நிஜமான ஆபத்து, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது, டெய்லி பாக்கறேன். ஆனா அந்த நம்பர் நாட்டுக்கு கொள்கை வகுக்கறதுக்கு உள்ளது, ஒரு பிள்ளை இன்னிக்கு சாயங்காலம் விளையாடலாமாங்கறதுக்கு அதுல பதில் கிடையாது.

அதே மாதிரி லியோன்ல இருக்கற புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெளிக்காத்து மாசை 2013ல முதல் வகையில சேத்துச்சு. சிகரெட்டும் அதே வகை. உடனே காத்தும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்துன்னு ஃபார்வர்ட். அந்த வகைப்பாடு புற்றுநோயை வரவைக்கும்ங்கறதுக்கு ஆதாரம் எவ்வளவு உறுதிங்கறதை சொல்லுது, எவ்வளவு வரவைக்கும்ங்கறதை இல்ல.

உடல்நலக் கட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தோட உலக சுகாதார கண்காணிப்பகம்னு தரவுப் பக்கம் இருக்கு, நாடு வாரியா பாக்கலாம். அதுக்கு மேல அந்தந்த நாட்டு சுகாதாரத் துறையோ மருத்துவர் சங்கமோ போட்ட ஆஸ்துமா சிகிச்சை வழிகாட்டியை தேடி லிங்க் வைங்க, உங்க குரூப்புக்கு எல்லா நம்பரையும் விட அதுதான் உபயோகம். இன்னொரு கட்டம் சேருங்களேன், நச்சு தகவல் மையம். பிள்ளை எதையாவது குடிச்சுட்டா கூப்பிடற நம்பர். எந்தெந்த நாட்டுல இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே பட்டியல் வச்சிருக்கு. அதை இப்பவே போன்ல சேவ் பண்ண சொல்லுங்க எல்லாரையும்.

வெளிய விடறதைப் பத்தி, இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பெரியவங்களை வச்சு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு, வாரத்துக்கு 120 நிமிஷமாவது பசுமையான இடத்துல இருந்தவங்க உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு சொன்னது அதிகமா இருந்துச்சு. பிள்ளைங்களை வச்சு பண்ணது இல்ல, வெளிய போனதாலதான் நல்லா இருந்தாங்களா நல்லா இருந்ததால போனாங்களான்னும் அதுல பிரிக்க முடியாது, அதையும் சேத்தே சொல்லணும். ஆனாலும் பிள்ளைய மாசக்கணக்கா அடைச்சு வைக்கறதுலயும் இழப்பு இருக்கு. அந்த அம்மாவை பிள்ளையோட டாக்டர்கிட்ட ஒரு எழுத்துத் திட்டம் வாங்கச் சொல்லுங்க, சாதாரண நாள்ல என்ன, இருமல் கூடினா என்ன, எப்ப உடனே ஆஸ்பத்திரின்னு ஒரே பேப்பர்ல எழுதிக் கொடுப்பாங்க. காத்து மோசமான நாள்ல என்ன பண்ணணும்னும் அதுலயே எழுதி வாங்கிடலாம்.


பழைய_ஏடு எழுதியது:

ஒண்ணு விட்டுட்டேன். எல்லாம் தேடியும் இல்லன்னா கேட்டு வாங்கலாம், அது உரிமை. தகவல் கேக்கற சட்டம் முதல்ல வந்தது ஸ்வீடன்ல 1766ல, இன்னிக்கு நூறு நாட்டுக்கு மேல இருக்கு. சுற்றுச்சூழல் தகவலுக்கு தனியாவே ஆர்ஹஸ் உடன்படிக்கை 1998ல வந்துச்சு, பெரும்பாலும் ஐரோப்பா பக்கம், பொதுவா ஒரு மாசத்துக்குள்ள பதில் தரணும், ஏன் கேக்கறீங்கன்னு கேக்கக் கூடாது. லத்தீன் அமெரிக்கா, கரீபியன் நாடுகளுக்கு எஸ்காசு உடன்படிக்கை, 2021 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு.

கேக்கும்போது "காத்து மாசு பத்தின எல்லா விவரமும்"னு எழுதினா தள்ளிருவாங்க. எந்த ஸ்டேஷன், எந்த தேதிலேருந்து எந்த தேதி வரைக்கும், எந்தப் பொருள், எக்செல்லா வேணும்னு சின்னதா கேளுங்க. நான் எழுதிக் கொடுத்த மனுல ஒரு பக்கத்தை தாண்டினது எதுக்கும் ஒழுங்கா பதில் வந்ததில்ல, நாலு வரி மனுவுக்கு வந்திருக்கு.


தாழம்பூ எழுதியது:

மூணு நாள் கழிச்சு வர்றேன். ஷீட்ல ரெண்டு நாட்டு வரிசை முழுசா முடிஞ்சுது, மூணாவது பாதியில இருக்கு. நீங்க எல்லாரும் சொன்னதை வச்சு லிங்க் பக்கத்துலயே எந்த வருஷம், என்ன யூனிட், அளந்ததா மதிப்பிட்டதா, யார் அளந்ததுன்னு நாலு கட்டம் கூட்டிட்டேன். பழைய லிங்க் மூணை வேபேக்ல பிடிச்சேன். நச்சு மையம் நம்பரை முதல் வரியிலயே பெரிய எழுத்துல போட்டாச்சு.

அந்த ஃபார்வர்டை பின்னாடியே போய் தேடினேன், செவ்வந்தி சொன்ன மாதிரியே அது மதிப்பீடு, வீச்சை வெட்டிட்டாங்க, வருஷமும் பழசு. மூல அட்டவணைய படம் எடுத்து குரூப்புல போட்டு விளக்கினேன். அந்த அம்மா நேத்து போன் பண்ணி டாக்டர்கிட்ட திட்டம் எழுதி வாங்கிட்டேன்னாங்க, பின்னாடி பிள்ளை பந்து அடிக்கற சத்தம் கேட்டுச்சு.

ஒரே ஒரு கட்டம் நிக்குது. மூணாவது நாட்டோட ஸ்டாக்ஹோம் திட்டம் கிடைச்சுது, 200 பக்கம், பூரா பிரெஞ்சுல இருக்கு. மெஷின் மொழிபெயர்ப்புல அட்டவணை தலைப்பெல்லாம் கலைஞ்சு போகுது, துளித்துளி யூனிட் பத்தி சொன்னதுக்கப்புறம் அப்படியே ஏத்த பயமா இருக்கு. யாருக்காவது பிரெஞ்சு வருமா?


காத்தாடி எழுதியது:

எனக்கு வரும். அட்டவணை இருக்கற பக்கங்களை மட்டும் அனுப்புங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள தலைப்பும் அடிக்குறிப்பும் தமிழ்ல எழுதி தர்றேன்.